பதில் வந்த வாசல்

இதைச் சொன்னால் என் மருமகள் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். இது என் கண் பார்த்தது, என் காது கேட்டது. ஒரு வார்த்தைகூட இட்டுக்கட்டவில்லை.

அந்த மன்னரின் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் நாட்டில் செத்த மன்னரின் பெயரைச் சொன்னால் தலை போகும். பதின்மூன்று வயதில் அரியணை ஏறினார். இரண்டு சித்தப்பாக்களையும் தீர்த்துக் கட்டினார். கால்வாய் வெட்டினார், வடக்கே படை அனுப்பினார், பெரும்புகழ் சம்பாதித்தார். தூக்கத்தை மட்டும் சம்பாதிக்க முடியவில்லை. ஒருநாள் போர்வையைச் சரிசெய்ய ஒரு பணிப்பெண் சத்தமில்லாமல் உள்ளே போனாள். கொலைகாரி என்று நினைத்துத் தலையணைக்கடியில் இருந்த வாளால் வெட்டிவிட்டார். அன்றிலிருந்து ஒரு சட்டம். வாசலில் நின்று பெயரைச் சொல்ல வேண்டும். உள்ளே இருந்து "ம்" என்று பதில் வந்தால் போகலாம். பதில் வந்தபின் உள்ளே போகாமல் திரும்பினால் உயிர் மிஞ்சாது.

அவர் செத்த பிறகும் சட்டம் சாகவில்லை. அவருடைய கல்லறை மேட்டுக்கு அருகே ஒரு சின்ன அரண்மனை கட்டி, அவருடைய பணிப்பெண்களான எங்களைக் குடிவைத்தார்கள். காலையில் முகம் கழுவத் தண்ணீர், நாலு வேளைச் சாப்பாடு, அந்திமுரசு அடித்ததும் படுக்கை. எல்லாம் ஆளில்லாத அறைக்கு. வாசலில் பெயரைச் சொல்வோம். ஒரு மூச்சு நேரம் நிற்போம். பிறகு உள்ளே போவோம். ஒன்பது வருடம் இப்படி ஓடியது.

அப்போதுதான் புது மன்னரின் ஆணை வந்தது. பழைய மன்னர் படுக்கைக்குக் கூப்பிடாத பெண்கள் வீட்டுக்குப் போகலாம். நான் போகலாம். என்னோடு வேலை பார்த்த கெங் அக்கா போக முடியாது.

"ஒரே ஒரு தடவை கூப்பிட்டாரு," என்றாள் அக்கா. "விடிய விடிய கண்ணைத் தொறந்துகிட்டு என்னையே பாத்துகிட்டுக் கிடந்தாரு. விரல்கூடப் படலை. அதுக்கு ஆயுள் தண்டனை."

மறுநாள் காலை எனக்கு வண்டி. அன்றைய வேலைதான் கடைசி.

காலையில் வைத்த தண்ணீரை எடுக்கப் போனேன். கலங்கியிருந்தது.

தினைக் கஞ்சியின் மேல் ஏடு உடைந்திருந்தது.

"எலியா இருக்கும்," என்றாள் அக்கா.

"எலி கரண்டியைக் கழுவி வைக்குமாக்கா?"



மதியத்துக்கு மேல் வடக்கே இருந்து புழுதிக்காற்று கிளம்பியது. வானம் மஞ்சளாகிப் பிறகு கறுத்தது. சன்னலில் கட்டிய பட்டுத்துணியைக் கிழித்துக்கொண்டு மண் உள்ளே கொட்டியது. அந்திமுரசு அடித்தது. நான் தலையணையோடும் அக்கா போர்வையோடும் போனோம்.

வாசலில் நின்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"யின் சூ வந்திருக்கேன்."

காற்று சட்டென்று நின்றது...

"ம்."

உள்ளே இருந்து.

அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அவளும் கேட்டிருக்கிறாள்.

"கூப்பிட்டாச்சு... இனி வீட்டுக்குப் போக முடியாதாக்கா?"

"வாயை மூடு. தலையணையைக் குடு."

"அக்கா..."

"குடுடி. திரும்பிப் பாக்காம போ. வண்டி கொட்டகையிலயே படுத்துக்கோ."

என் கையில் இருந்து பிடுங்கிக்கொண்டாள். வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

"கெங் லான் வந்திருக்கேன்."

பதில் இல்லை.

மறுபடி சொன்னாள்.

இல்லை.

அவர் உள்ளே இருக்கும்போது பதில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

போனாள்.

கதவு மூடியது... யாரும் தொடவில்லை.

நான் ஓடினேன்.

விடிந்ததும் வண்டி கிளம்பிவிட்டது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. ஊருக்கு வந்தேன், கல்யாணம் ஆனது, பிள்ளை பெற்றேன்.

இருபது வருடம் கழித்து எங்கள் ஊர்ச் சந்தையில் ஃபானைப் பார்த்தேன். அந்த அரண்மனையில் எங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். கெங் அக்காவைப் பற்றிக் கேட்டேன்.

"நீ போன அன்னிக்குக் காலையிலதான் பாத்தோம். கட்டில் மேல ஓரத்துல கிடந்தா. உடம்புல காயம் ஒண்ணும் இல்ல. உயிர் மட்டும் இல்ல."

கையில் இருந்த கூடையைக் கீழே வைத்தேன். அவர் தொடர்ந்தார்.

"அறை பூரா, கட்டில் மேலயும், ஒரு விரக்கடை உசரத்துக்குப் புழுதிம்மா. அவளைத் தூக்கினோம். அவ கிடந்த இடம் சுத்தமா இருந்துச்சு. அது சரிதான்... கட்டில் நடுவுல இன்னொரு இடமும் சுத்தமா இருந்துச்சு. ஒரு ஆம்பளை படுத்த அளவு."

"போதும்," என்றேன்.

அவர் நிறுத்தவில்லை.

"மன்னருக்கு அந்தப் பக்கம் இன்னொரு இடம். பொம்பளை அளவு. அதுல யாரும் படுத்த தடம் இல்ல. கையால புழுதியைத் தள்ளி ஒதுக்கி வச்சிருந்துச்சு. அஞ்சு விரலும் தெரிஞ்சுது."

எனக்கு வயதாகிவிட்டது. சாவைக் கண்டு பயமில்லை. செத்த பிறகு எங்கே படுக்கப் போகிறேன் என்பதுதான் பயம்.