காகிதம் சுற்றிய சன்னங்கள்

எங்கள் வீட்டில் துவக்கு என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டிருந்த காலம் அது. அதே காலத்தில்தான் மாமா, அடுத்த வீட்டுக் குசினியில் அடுப்படி மேசையோடு இருந்து, துவக்கில் போட்டுச் சுடும் சன்னங்களுக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தார்.

சட்டத்துக்குக் காரணம் இருந்தது. மாமா அம்மாவின் ஒரே தம்பி. வன்னியில் சண்டை முடிந்த அடுத்த வருடம் எப்படியோ பாரிஸ் வந்து சேர்ந்து, லாச்சப்பலில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் என் கட்டிலைப் பிடித்துக்கொண்டவர். அவருடைய அகதிக் கேஸைப் பிரெஞ்சு அதிகாரிகள் ஒருமுறை நிராகரித்திருந்தார்கள், மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தது. இவர் ஆயுதம் தூக்கியவரோ என்பது அவர்களுடைய சந்தேகம். மாமா ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்த மனிதர். வெண்கட்டியைத் தவிர வேறொன்றையும் தூக்கியதில்லை. ஆனால் அதை யாருக்கு எப்படி நிரூபிப்பது? இந்தமுறையும் இல்லையென்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அம்மாவுக்கு நித்திரையே இல்லை. இதெல்லாம் பெரியவர்கள் மெதுவாகப் பேசிக்கொண்ட விஷயம். எட்டு வயதுக்காரியான எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா வேலைக்குப் போக முடியாமல் யன்னலடியில் இருந்து கீழே போகிற சனத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார், தட்டில் போட்டதில் பாதியை வைத்துவிடுவார் என்பதுதான்.

அடுத்த கதவில், ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். அவரை நாங்கள் முசியே என்றுதான் கூப்பிடுவோம். பூட்டனார் காலத்துத் துவக்கு ஒன்றை இரும்பு அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நகரத்துக்கு வெளியே ஒரு கழகத்துக்குக் கொண்டுபோய், அங்கே குத்தி வைத்த அட்டையைச் சுட்டுவிட்டு வருவார். கறுப்பு வெடிமருந்தில் சுடும் பழைய சாமான். அதன் ஈயச் சன்னம் குழலுக்குள் அப்பிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் மெல்லிய காகிதத்தை நனைத்து இரண்டு சுற்றுச் சுற்றி, வாலை முறுக்கி அடியில் மடித்துக் காயவிட வேண்டும். முசியேயின் விரல்கள் அப்போது நடுங்கத் தொடங்கியிருந்தன.

ஒருநாள் அம்மா கொடுத்துவிட்ட வடைத் தட்டோடு மாமாவும், மொழிபெயர்க்க நானும் போனபோது மனிதர் காகிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மாமா தட்டை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருந்து தானும் ஒன்றைச் சுற்றினார். காகிதத்தின் இரண்டு ஓரமும் முட்ட வேண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது. மாமா இரண்டு மூன்றைக் கிழித்தெறிந்துவிட்டுப் பிறகு விடாப்பிடியாகச் சரிக்கட்டினார். அதன்பிறகு அவரை யன்னலடியில் காணக் கிடைக்கவில்லை. முசியேக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்குப் பிரெஞ்சு வராது. ஆனாலும் இரண்டுபேருக்கும் இடையில் என் வேலை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். முட்டை அட்டையில் சன்னங்கள் வெள்ளைச் சட்டை போட்டு வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. முசியேக்கு முன்னால் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டு அம்மா தமிழில் ஏசினார்.

“உலகத்திலை உனக்கு வேறை வேலையே கிடைக்கேல்லையோ, தம்பி?”

நான் சுத்திறது காகிதம்தானே அக்கா என்று மாமா முணுமுணுத்தார். முசியே என்னிடம் மதாம் என்ன சொல்கிறார் என்று கேட்டார். சோறு ஆறுகிறதாம் என்றேன். அன்றைக்கு மாமா இரண்டாம்தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

குளிர் விட்டதும், கழகத்துக்கு வந்து பாருங்கள் என்று முசியே அழைத்தார். அப்பாவுக்கு உணவகத்தில் ஞாயிறும் வேலை. தன் காகிதம் எப்படிப் போகிறதென்று பார்க்க மாமாவுக்கு ஆசை. அவரைத் தனியே விடமாட்டேன் என்று அம்மா இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு முசியேயின் காரில் ஏறினார்.

முதல் வெடி நெஞ்சுக்குள் இடித்தது. வெள்ளைப் புகை, கூழ்முட்டை மணம். திரும்பிப் பார்த்தால் மாமா நிலத்தில் குந்தியிருந்தார். பிறகு சப்பாத்து நாடா கட்டுகிறவர்போலக் குனிந்துகொண்டார். அந்தச் சப்பாத்துக்கு நாடாவே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையில் கிள்ளினார்.

சுட்டு முடித்து எல்லோரும் துவக்குகளைக் கீழே வைத்தபின், முசியே மாமாவை முன்னால் கூட்டிப்போய்ப் புல்லில் சிதறிக் கிடந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கிக் காட்டினார். கருகாமல், கட்டியாகாமல், நறுக்கினமாதிரிக் கிழிந்திருந்தன. அட்டையில் ஓட்டைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தன. இத்தனை வருடத்தில் இப்படிச் சுட்டதில்லை என்று முசியே மாமாவின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துக் கொஞ்சினார். மாமா வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

சந்தோஷத்தில் முசியே, வெறுமையாக்கிய துவக்கை மாமாவின் கைகளில் வைத்து, படம் எடுக்கச் சொல்லி மற்றவர்களைக் கூப்பிட்டார். கழகத்தின் இணையப் பக்கத்தில் போட வேண்டுமாம். மாமா கொதிக்கிற சட்டியைப் பிடித்தவர்போல நின்றார்; போடவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. ஒருவர் கமராவைத் தூக்கிவிட்டார்.

குக்கர் கூவினாலே காதைப் பொத்துகிற என் அம்மா, இடியப்பப் பெட்டியைப் புல்லில் போட்டுவிட்டு ஓடிவந்தார். துவக்கைப் பறித்தார். மாமாவைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

“இதோடை படம் எடுக்க எனக்குத்தான் ஆசை எண்டு சொல்லு பிள்ளை. கெதியாச் சொல்லு.”

சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். எனக்கு அழுகை வந்தது. மாமா சுற்றின சன்னம், மாமாவுக்குக் கிடைத்த மரியாதை, அதில்கூட அம்மா தானே முன்னால் நிற்க வேண்டுமா? திரும்பும்போது காரில் அம்மாவோடு நான் கதைக்கவில்லை. அவ்வளவு பெரிய மாமாவோ, அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு மாமாவுக்கு விசா கிடைத்தது. இப்போது பாரிஸுக்கு வெளியே பொண்டியில் பெண்சாதி பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார். முசியே கண்ணாடிச் சட்டம் போட்டுத் தந்த அந்தப் படம் எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும், உங்கட அம்மா என்ன வடிவாச் சிரிக்கிறா என்பார்கள். நானும் கனகாலம் அதைச் சிரிப்பென்றுதான் நினைத்திருந்தேன். அம்மா சிரிக்கவில்லை. பின்னால் நிற்கிற தம்பியின் ஒரு மயிர்கூட அந்தத் துவக்கோடு படத்தில் விழக் கூடாதென்று, இரண்டு தோளையும் முடிந்தமட்டும் அகட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நிற்கிறார்.