சூட்டை எந்தப் பக்கம் விடுவது

எங்கள் ஊரில் வெயிலைப் பற்றி யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அக்கினித் தலத்தில் பிறந்துவிட்டுச் சுடுகிறது என்று முனகலாமா என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், ஸ்டவ் வெடித்து அக்காவின் உடம்பு வேகும் வரை.

எண்பதுகளின் தொடக்கம் அது. அம்மா இல்லாத வீடு. அப்பாவுக்கு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை வியாபாரம், அக்கா பள்ளிக்கூட டீச்சர், நான் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட். அக்கா வேலூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தாள். தொடைத் தோலை எடுத்து மார்பிலும் முதுகிலும் கைகளிலும் ஒட்டினார்கள். மாசியில் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்தத் தோல்ல வேர்க்காதும்மா. உள்ள இருக்கற சூடு வெளிய போக வழியில்ல. கோடையில ஜாக்கிரதை. சூடு ஏறிட்டே போனா நினைவு தப்பிடும், உயிருக்கே ஆபத்து."

ஈரத்துணி போர்த்தலாமா என்று கேட்டேன். புதுத்தோல் ஊறிப் புண்ணாகிவிடும், அறையைத்தான் குளிர வைக்க வேண்டும் என்றார்.

பங்குனியிலேயே அக்காவின் உடம்பு மத்தியானங்களில் சுட ஆரம்பித்தது. ஏசி வைத்த வீடு ஒன்றுகூட எங்கள் தெருப்பக்கம் கிடையாது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது. அப்பாவும் நானும் பஸ் பிடித்து வேலூருக்குப் போய் ஒரு கடையில் நின்றோம்.

அப்பா போன வேகத்தில், இருப்பதிலேயே பெரிய மெஷினுக்குக் கை காட்டினார். மூட்டைகளைப் பார்த்துப் பழகிய கண். "பெருசா இருந்தா ஜாஸ்தி குளுரும்" என்றார். கடைக்காரர் எங்கள் அறையின் அளவைக் கேட்டார். மேலே மாடியா, மொட்டையா என்று கேட்டார். மத்தியானத்தில் வோல்டேஜ் எப்படி என்றும் கேட்டார். எங்கள் தெருவில் மூன்று மணிக்கு ட்யூப்லைட் சிமிட்டிக்கொண்டேதான் இருக்கும், எரியாது. அதைச் சொன்னேன்.

"அப்ப பெருசு வேணாங்க. கிளம்பறப்பவே ஒரே இழுப்பா இழுக்கும், உங்க கரண்டுக்கு நின்னுடும். சின்ன ரூமுக்கு முக்கால் டன் போதும். கரண்டும் கம்மியாத்தான் குடிக்கும்."

அப்பாவின் முகம் சுருங்கியது. "பொண்ணு உசுரு விஷயம்ங்க. அதுல போய் சின்னது பாக்கறதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பெருச வாங்கி அது ஓடலேன்னா அலமாரியா வெச்சுக்கறதாப்பா?" என்று கடையிலேயே கேட்டுவிட்டேன். சின்னதுதான் முடிவானது, கூடவே ஒரு ஸ்டெபிலைசர். கிளம்பும்போது கடைக்காரர் சொன்னார்: "பின்பக்கம் வெட்டவெளியா இருக்கணும். ரூம்ல இருக்கற சூட்ட பின்னாலதான் தள்ளும். சூடு போக எடம் இல்லேன்னா மெஷின் திணறும். கரண்ட்ட முழுங்கும், குளுராது."

அக்காவின் அறைக்கு வெட்டவெளி ஒரே பக்கம்தான். மேற்கு ஜன்னல். அதற்கு வெளியே புழக்கடை, அதைத் தாண்டினால், சாமியே நெருப்பாக எழுந்து மலையானது என்று ஊரே கும்பிடும் மலை. காலையில் கண் விழித்ததும் அந்த ஜன்னலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அந்தத் திசையில் கால் நீட்ட மாட்டோம், எச்சில் துப்ப மாட்டோம்.

"மலைக்கு நேரா மெஷினோட பின்பக்கத்தக் காட்டி, சூட்ட வேற ஊதறதா?" என்றார் அப்பா.

"அதுவே நெருப்பு மலைன்றீங்க எல்லாரும். இன்னும் கொஞ்சம் சூடு பட்டா அதுக்கு என்ன ஆயிடும்?"

நான் ஆபீஸ் போயிருந்த ஒருநாள் அப்பா கொத்தனாரை அழைத்துவந்து தெற்குச் சுவரை உடைத்து மெஷினை அங்கே பொருத்திவிட்டார். தெற்கே இருப்பது சந்து. ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், மேலே தகரம். நான் கத்தினேன். வைத்தது வைத்ததுதான் என்றார்.

காலை நேரங்களில் அறை குளிர்ந்தது. மத்தியானமானால் மெஷின் உறுமும், நிற்கும், மறுபடி உறுமும். வோல்டேஜ் என்றார் அப்பா. "சின்னதுல்ல" என்று என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

சித்திரையில் ஒரு ஞாயிறு, உச்சி வெயிலில் மெஷின் நின்றேபோனது. அக்காவின் கையைத் தொட்டேன். காய்ந்து, தோசைக்கல்லாகச் சுட்டது. சுவரைப் பார்த்து, "எல்லாரும் உக்காருங்க, சத்தம் போடாதீங்க" என்றாள். வகுப்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஐஸ் வாங்கிவந்து கழுத்திலும் பாதத்திலும் வைத்தேன். ஸ்டெபிலைசரைப் பார்த்தேன், முள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றது. சந்துக்கு ஓடினேன். முகத்தில் அடித்த அனலில் கண்ணைத் திறக்க முடியவில்லை. தான் விட்ட சூட்டையே மெஷின் திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறது.

"வோல்டேஜும் இல்ல, சின்னதும் இல்ல. நீ போய் அந்தச் சந்துல நின்னு பாருப்பா! மலையக் காப்பாத்திட்டு இவள சாவடிக்கப் போறியா?"

"அதுக்குன்னு..." என்று அப்பா ஆரம்பித்தார்.

அக்கா கண்ணைத் திறந்தாள். "எனக்கு மலை வேணாம்பா" என்றாள். "காத்து வேணும்."

எங்கள் ஊரில் ஒருவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. அப்பாவின் கை கன்னத்தில் போட்டுக்கொள்ள எழும்பி, பாதியில் நின்றது. பிறகு போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார். மேற்கு ஜன்னலின் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, தெற்குச் சுவரிலிருந்து மெஷினைக் கழற்றித் தூக்கிக் கொடுத்தார்கள். இடுக்குகளையும் தெற்குச் சுவர் ஓட்டையையும் பலகையாலும் சாக்காலும் அடைத்தோம். மேற்கு வெயில் மெஷின்மேல் விழாதபடி வெளியே உயரத்தில், சூடு போக இடம் விட்டு, தென்னங்கீற்று கட்டினோம். ஜன்னல் மூடிப்போனது, அறை இருண்டது.

சுவிட்சைப் போட்டேன். இந்த முறை அது நிற்கவில்லை. நான் அக்காவின் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். மெல்ல மெல்லச் சூடு இறங்கியது. என் பெயரைச் சொல்லித் தண்ணீர் கேட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அப்பாவைக் காணவில்லை. புழக்கடைக்குப் போனேன். மெஷின் ஊதும் அனல் நேரே மார்பில் அடிக்க அதன் முன்னால் நின்றிருந்தார். மலைமேல் படாமல் தாங்குகிறாராக்கும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"போதும், உள்ள வாப்பா."

"இரு. நின்னுடப் போவுதோன்னு சத்தத்தக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

மலை அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் திரும்பவில்லை. இரண்டு கையையும் கூப்பி, மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.