இருபத்தேழு கிழமை லீவு

மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதிப் பக்கத்துக் கடைத்தொகுதி ஒன்றில் சிறிய பல் லாப் நடத்துகிறேன். பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துக் கட்டுப்பற்கள் செய்து கொடுப்பது எங்கள் வேலை. என்னோடு சேர்த்து ஐந்து பேர். அதில் மூத்தவர் மன்னார்க்காரர். பதினொரு வருடமாக என்னிடம் வேலை செய்கிறார். முதலாளி நான்தான் என்றாலும் அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். பல்லின் நிறத்தைப் பொருத்துவதில் அவருக்கு இணையான ஒருவரை நான் கண்டதில்லை.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, மற்றவர்கள் போன பிறகு, மடித்த தாள் ஒன்றை என் மேசையில் வைத்தார். இரண்டு கிழமையில் வேலையை விடுவதாக நாலு வரி எழுதியிருந்தது.

"என்னண்ணை இது?"

"வீட்டில கொஞ்சம் அலுவல் இருக்கு தங்கச்சி. குறை நினையாதைங்கோ."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு முதலில் வந்தது கோபம். பக்கத்து யூனியன்வில்லில் பெரிய லாப் ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். அங்கேதான் போகிறார் என்று நானே முடிவு கட்டினேன். அடுத்த கிழமை முழுவதும் வேலை விடயம் தவிர அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. முன்பு எங்களிடம் பயிற்சி எடுத்த பெண் ஒருத்தியை அழைத்து, அவருடைய இடத்துக்கு நிரந்தரமாக வருகிறாயா என்றும் கேட்டுவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

ஒருவர் வேலையை விட்டுப் போனால் அரசாங்கத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். எங்கள் சம்பள அலுவல்களைப் பார்க்கும் அக்கா அதை நிரப்பத் தொலைபேசி எடுத்தார்.

"ஏன் விடுறார்? காரணம் போட வேணுமெல்லே."

"வீட்டு அலுவலாம்."

"பதினொரு வருசம் இருந்தவர் சும்மா விடுவாரோ? நோய் வருத்தம் ஏதுமோ? தானே விட்டதெண்டு போட்டால் அரசாங்கம் குடுக்கிற வருத்தக் காசும் எடுக்க ஏலாமல் போகும்."

எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. இரண்டு மாதமாக அவர் மெலிந்துகொண்டு வந்ததை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை.

"வருத்தமெண்டால் நான் என்னக்கா செய்யிறது? எத்தினை மாசம் அந்த இடத்தை வெறுமையா விடுறது?"

"சட்டம் மாறியிட்டுது, உமக்குத் தெரியாதோ? பதின்மூண்டு கிழமை வேலை செய்த ஆருக்கும் பெரிய வருத்தம் வந்தால் இருபத்தேழு கிழமை லீவு. சம்பளம் குடுக்கத் தேவையில்லை, ஆனா வேலையை வைச்சிருக்க வேணும். சின்ன இடமெண்டு தப்ப ஏலாது. அந்தக் கிழமைகளும் அவரின்ரை சேவைக் காலத்தில சேரும். டொக்டரின்ரை கடிதம் கேக்கலாம். என்ன வருத்தமெண்டு கேக்க ஏலாது."

சனிக்கிழமை காலை பிக்கரிங்கில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த மனைவி என்னைக் கண்டதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அண்ணை கம்பளி ஜம்பருக்கு மேல் ஒரு போர்வையும் போட்டுக்கொண்டு சோபாவில் இருந்தார்.

"வருத்தமெண்டால் வருத்தமெண்டு மட்டும் சொல்லுங்கோ அண்ணை. என்ன வருத்தமெண்டு நான் கேக்கேல்லை."

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தானாகவே சொன்னார். குடலில் கட்டி. ஒப்பரேஷன், அதற்குப் பிறகு கீமோ.

"முந்தி நான் வேலைக்கு நிண்ட இடத்தில ஒருத்தருக்கு இப்பிடி வந்தது. மூண்டு மாசம் பாத்திட்டு வேலையால அனுப்பிப்போட்டினம். உங்களை அந்த நிலைமையில வைக்கக் கூடாதெண்டுதான் நானே எழுதினன்."

அக்கா சொல்லாமல் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேனோ என்று இன்றைக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. சட்டத்தை விளங்கப்படுத்தினேன். அவர் நம்பவில்லை. "சின்ன இடங்களுக்குமோ?" என்று இரண்டு தரம் கேட்டார். மனைவிதான் அழத் தொடங்கினார். பிறகு எழும்பிப் போய்ப் பேனையும் தாளும் கொண்டு வந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்து, விலகல் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், லீவு வேண்டும் என்று புதிதாக எழுதினோம்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி அந்தப் பெண்ணை அழைத்தேன். நிரந்தரம் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், அவர் திரும்பி வரும்வரை, கூடினால் ஆறு மாதம்தான் வேலை என்றேன். "இட்ஸ் ஓகே அன்ரி, ஆறு மாசமெண்டாலும் எனக்கு எக்ஸ்பீரியன்ஸ்தானே" என்றாள்.

லீவை ஒரேயடியாக எடுக்க வேண்டுமென்றில்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு நடுவில் மூன்று கிழமை வந்து இருந்து வேலை செய்தார், பிறகு மறுபடி போனார். வசந்தம் பிறந்தபோது மருத்துவர்கள் இனிப் பயமில்லை என்று வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். இருபத்திரண்டு கிழமைதான் எடுத்திருந்தார்.

அப்படித் திரும்பி வந்த முதல் நாள் மத்தியானம் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். கீமோவோடு அவருக்கு நாக்கில் ருசியே செத்துப் போயிருந்தது. என் மிளகாய்ச் சம்பலில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார். கண் கலங்கியது.

"உறைக்குது தங்கச்சி" என்றார். "நல்லா உறைக்குது."