ஒருவரும் துரத்தாத ஊர்

போன ஞாயிறு சாம்பல்தீவில் அக்கா வீட்டுக்குப் போனால், அங்கே ஒரே அமளி! கடற்கரையோரம் இருக்கும் அந்த வீட்டையும் வளவையும் ஹோட்டல் கட்டக் கேட்கிறார்களாம். விற்றுவிட்டு டவுனுக்குள் லிங்கநகருக்குப் போவோம் என்று அத்தான் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

"இஞ்ச இருந்து என்னத்தைக் கண்டனாங்கள்?"

அக்காவோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு குசினிக்குள் அடுப்போடு. பின்னேரம் தரகர் வருகிறார்... பேச்சை முடிக்க.

இதற்கிடையில் ஒரு விருந்தாளி வேறு. முன் அறையை வாடகைக்கு எடுத்திருந்த எலேனி, கிரேக்க நாட்டு டீச்சர். தன் சின்ன ஊரைப் போனில் காட்டினார். மேலே மலையில் கல்வீடுகள், கீழே கடல் - அப்படி ஓர் அழகு!

"இப்ப அங்க ஆர் ஆர் இருக்கினம்?" அத்தான் கேட்டார். மொழிபெயர்ப்பு நான்தான்.

"மாரி காலத்தில் ஒருவருமே இல்லை."

அத்தானின் முகம் வாடிவிட்டது. "ஐயோ பாவம். எப்ப இடம்பெயர்ந்தவை? ஆமி இன்னும் போக விடேல்லையோ?"

ஊர் வெறுமையாகக் கிடந்தால், யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடிய எங்கள் ஆட்களுக்கு வேறு என்ன காரணம் தோன்றும்?

எலேனி முழித்தார். "எந்த ஆமி? எங்களை ஒருவரும் துரத்தவில்லை. றோட்டு வந்தது."

கடற்கரைக்கு றோட்டு வந்ததும் மலையில் இருந்த சனம் கீழே இறங்கிப் புது ஊர் கட்டியதாம். பிறகு ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். வீடு வீடாக விற்றுவிட்டு எல்லோரும் நகரத்துக்குப் போய்விட்டார்கள். கோடையில் ஊரெல்லாம் லைட். மாரியில் எல்லாம் பூட்டு. அவர் படித்த பள்ளிக்கூடம்கூட இப்போது ஹோட்டல்தானாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது.

அக்கா குசினியிலிருந்து வெளியே வந்தார்.

"இஞ்சாருங்கோ, அண்டைக்குத் துரத்தினவங்கள், ஓடினனாங்கள். திரும்பி வந்து குடியேற என்ன பாடு பட்டனாங்கள்! இப்ப ஒருத்தரும் துரத்தாமலே நாங்களா ஓடுறதோ?"



பின்னேரம் தரகர் வந்தார். அத்தான் கதிரையை இழுத்துப் போட்டார், தேத்தண்ணி கொடுத்தார். பிறகு, "விற்க ஏலாது தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அபிவிருத்தியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல றோட்டு யாருக்குக் கசக்கும்? ஆனால் றோட்டு வந்த பிறகு அதில் நடக்க ஊர்ச்சனம் இருக்கவேண்டாமா?

மறுநாள் புறப்படும்போது எலேனி அக்காவிடம் கேட்டார் - மாரியிலும் ஒருமுறை வரலாமா என்று.

"மாரியில இஞ்ச மழை ஊத்துமே, பிள்ளை!"

"மழை பரவாயில்லை... ஆட்கள் இருப்பீர்கள்தானே?"