வலப்பக்கம் நழுவும் அம்புக்குறி

போன கிழமை என் மகன் தன் கேம் கொன்ட்ரோலரைக் குப்பைக்கூடைக்கு மேலே நீட்டிப் பிடித்தபடி நின்றான். "தானா வலது பக்கம் இழுக்குதம்மா. திருத்த ஏலாதெண்டு கடையில சொல்லிட்டாங்கள்." நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கத்தியைப் போட்டுவிட்டு, பிள்ளையைக் கிணற்றுக்கட்டில் கண்டவள் போல ஓடிப்போய் அதைப் பறித்தேன். பயந்த பிறவி என்று வீட்டில் எனக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. அடுப்பை அணைத்தேனா என்று யோசித்து, பாதிவழியில் பஸ்ஸை விட்டிறங்கித் திரும்பி வந்தவள் நான். ஆனால் இந்த ஓட்டம் பயத்தில் ஓடியதல்ல. வலது பக்கம் இழுக்கிற ஒரு கொன்ட்ரோலரோடு நான் கிளிநொச்சியில் சில வருடங்கள் வாழ்ந்திருக்கிறேன்.

அந்தக் கதையை மண்ணெண்ணெயில் இருந்து தொடங்குவதுதான் முறை. போரில் பாதை பூட்டி, பெற்றோல் வராமல் கிடந்த காலத்தில் வன்னியில் மோட்டார்சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதில் சில துளிகளை எஞ்சினுக்குள் விட்டு உதைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. பாதை திறப்பதற்கு முந்தின வருடம், ஒரு காலையில் என் அண்ணா அதைச் செய்யும்போது போத்தல் பற்றிக்கொண்டது. அவர் உயிர் தப்பினார். கைகள் இரண்டும் வெந்தன. புண் ஆறியபோது தோல் சுருங்கி, எட்டு விரல்களும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிப்போயின. பெருவிரல்கள் இரண்டும் மட்டும் வெளியே நின்றன.

அண்ணாவின் தொழில் வீட்டுப் பிளான் கீறுவது. இதைச் சொன்னால் மிச்சத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வரைபலகை, மூலைமட்டம், பென்சில்கள் எல்லாவற்றையும் அம்மா துணியால் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தா. அண்ணா ஒருநாளும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவில்லை. கதைப்பதும் குறைந்துபோனது. கிணற்றடிக்குப் போனால் வாளிச் சத்தம் கேட்கும்வரை நான் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். எதற்கு என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மாவும் குசினி அடுப்படியில் அதே காதோடுதான் இருந்தா என்பது எனக்குத் தெரியும்.

பாதை திறந்தது. கனடாவில் இருந்த மாமாவின் மகன் வவுனியாப் பக்கம் நெளுக்குளத்துக்கு வந்தான். அம்மா, அண்ணா, நான் மூவரும் பார்க்கப் போனோம். முப்பது வயது தாண்டிய மனிதன், கொண்டுவந்த பயணப்பெட்டியில் பாதியை விளையாட்டுப் பெட்டியாலும் வயர்களாலும் நிரப்பியிருந்தான். ரீவியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவன், தேத்தண்ணி குடிப்பதற்காகக் கொன்ட்ரோலரை யோசிக்காமல் அண்ணாவின் மடியில் வைத்தான். அண்ணா அதைக் கையில் எடுத்தார். மடங்கிய விரல்கள் பிடிகளுக்குக் கீழே அப்படியே பொருந்தின. பெருவிரல்கள் மேலே போய் உட்கார்ந்தன. ரீவியில் கார் ஒரு மதிலில் இடித்து நின்றது. அதைப் பற்றி அண்ணா கவலைப்படவில்லை.

"இதைக் கொம்பியூட்டரில செருகேலுமோ?" என்று கேட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவராகக் கேட்ட கேள்வி அது.

மச்சான் மெச்சத்தக்கவன். அடுத்த நாளே வவுனியா நகரத்துக்குப் போய், இணையத்தில் தேடி இரண்டு தாள் அச்செடுத்து வந்தான். கொன்ட்ரோலரின் வயரை வெட்டி, இருபத்தைந்து ஊசிகள் உள்ள ஒரு செருகியில் ஈயம் வைத்து ஒட்டி, கொம்பியூட்டரில் பிரிண்டர் போடுகிற இடத்தில் செருக வேண்டும். நடுவில் ஐந்து டயோட். "சின்ன வேலைதான்" என்று எல்லாவற்றையும் என் கையில் தந்துவிட்டுக் கனடா போய்விட்டான். நான் கிளிநொச்சியில் ஒரு கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எழுத்தைத் தடிப்பாக்குவது எப்படி என்பதற்கு மேல் எனக்கு அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. குடும்பத்துக்குள் நான்தான் நிபுணி.

முதலில் அந்தச் சாமானோடு ஓமந்தையைத் தாண்ட வேண்டும். ஒரு பக்கம் ஆமிக்காரரின் சோதனை, கொஞ்சத் தூரம் போனால் எங்கட பக்கத்தில் இயக்கத்தின் சோதனை. இரவு முழுக்க இரண்டு பதில்களைப் பாடமாக்கினேன். ஆமியிடம், இது விளையாட்டுச் சாமான் என்று சொல்ல வேண்டும். கொம்பியூட்டர் என்றால் சந்தேகப்படுவார்கள். எங்கட பக்கத்தில், இது கொம்பியூட்டர் வகுப்புக்கு என்று சொல்ல வேண்டும். விளையாட்டு என்றால் நாடு கிடக்கிற கிடையில் உனக்கு விளையாட்டோ என்பார்கள். டயோட் ஐந்தையும் அம்மாவின் மருந்துப் பைக்குள் மாத்திரைகளோடு போட்டேன். அம்மா தவறி ஒன்றை விழுங்கிவிடுவாவோ என்று அதற்கு வேறு பயந்தேன்.

பெண்கள் வரிசையில் சீருடைப் பெண் என் பையைத் திறந்தாள். இரண்டு கைப்பிடி, நிறையப் பொத்தான்கள், நீண்ட வயர்.

"மே மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறாள்.

நான் தெளிவாக, பிழையில்லாமல், "கொம்பியூட்டருக்கு" என்றேன்.

அவள் முகம் மாறியது. யாரையோ கூப்பிட்டாள். ஆண்கள் வரிசையில் அண்ணா தன் வெந்த கைகளோடு நிற்கிறார். இவர்கள் அந்தக் கைகளையும் இந்த வயரையும் சேர்த்துப் பார்த்தால் குண்டு என்றல்லவா கணக்குப் போடுவார்கள். ஒரு இளம் ஆமிக்காரன் வந்தான். கொன்ட்ரோலரை வாங்கினான். அவன் இரண்டு பெருவிரல்களும் தாமாகவே மேலே போய் உட்கார்ந்தன. ஒருமுறை இடம், ஒருமுறை வலம் திருப்பிப் பார்த்தான். சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான். அவனுக்கு எங்கேயோ ஒரு வீடும் அதில் ஒரு ரீவியும் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த சோதனையில் என்ன நடந்திருக்கும் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். "விளையாட்டுச் சாமான்" என்றேன். மேசையில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தங்கச்சி, உங்களுக்கு விளையாடுற வயசோ?" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணா, அந்தத் தீவிபத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "அவளுக்கு இல்லை, எனக்கு" என்றார். மேசைக்காரர் அண்ணாவின் கைகளைப் பார்த்துவிட்டுப் பையை மூடினார்.

வீட்டில் மின்சாரம் இல்லை. சிரட்டைக்கரித் தணலில் இரும்புக்கோலைச் சூடாக்கி ஈயம் ஒட்டினேன். வகுப்புக் கொம்பியூட்டரில் செருகிப் பார்த்தபோது முதல் தடவை ஒன்றும் அசையவில்லை. இரண்டாம் தடவை திரையில் அம்புக்குறி தத்துவெட்டிப் பூச்சி போலத் துள்ளியது. மூன்றாம் தடவை சொன்னபடி கேட்டது. ஒரேயொரு குறை. பெருவிரலை எடுத்தால் அம்புக்குறி தானாக, மெல்ல, வலது பக்கம் நழுவிப் போகும். அது என் ஒட்டின் பிழையா, காரோட்டி மச்சான் தேய்த்த தேய்ப்பா என்று இன்றுவரை தெரியாது. அண்ணா குறைசொல்லவில்லை. எப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் அழுத்திப் பிடித்தே பழகிக்கொண்டார். நாலு திசைப் பொத்தான்கள் அவருக்கு நல்லாகப் பிடித்துப்போயின. அழுத்தினால் கோடு நேராகத்தான் போகும். "மூலைமட்டம் தேவையில்லையடி" என்றார். அளவுகளை நான் தட்டச்சுச் செய்வேன்.

வகுப்பு முடிந்தபிறகு, ஐந்து மணிக்கு ஜெனரேற்றர் நிற்கும்வரை ஒரு கொம்பியூட்டரை எங்களுக்கு விட்டிருந்தார்கள். ஜெனரேற்றரும் மண்ணெண்ணெயில்தான். அந்த மணம் யன்னலால் வரும்போதெல்லாம் அண்ணாவின் தோள்கள் இறுகும். அவர் வீட்டுக்குப் போய்விடுவாரோ என்று நான் யன்னலைச் சாத்துவேன். வேர்த்துக்கொட்டும்.

கடல் பொங்கி வந்து கரையைக் கழுவிப்போன பிறகுதான் அண்ணாவுக்கு முதல் ஆள் வந்தா. முல்லைத்தீவுக் கரையில் இருந்து, கழுத்தில் செபமாலையோடு திரேசம்மா. புருஷனைக் கடல் கொண்டுபோயிருந்தது. வீடு கட்டித் தருகிறவர்கள் தங்கள் பிளானில் கடலைப் பார்த்த விறாந்தை போட்டிருந்தார்களாம். வேறு பிளான் வேண்டுமென்றால் அடுத்த நாள் காலையில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"கடல் தெரியாத வீடு வேணும் தம்பி. அந்தப் பக்கம் ஒரு யன்னலும் வேண்டாம். ஊசி போற ஓட்டையும் வேண்டாம்."

அண்ணா என்னைப் பார்த்தார். "இது பிழையாப் போனா, இனி என்னை இஞ்ச கூப்பிடாதை" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

பிளானில் வடக்கு மேலே என்றால் கிழக்கு வலப்பக்கம். முல்லைத்தீவில் கிழக்கே கடல். அண்ணா பெருவிரலைத் தளர்த்தும்போதெல்லாம் அம்புக்குறி மெல்ல மெல்லக் கிழக்குச் சுவரைத் தாண்டி வெளியே போனது. பின்னால் கதிரையில் இருந்த திரேசம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தா. "அது கடலுக்குத்தான் போகுது, பிடியுங்கோ தம்பி" என்பா. அண்ணா பிடிப்பார்.

நேரம் போய்க்கொண்டிருந்தது. கொன்ட்ரோலருக்கும் பிரிண்டருக்கும் ஒரே செருகுமிடம். கொம்பியூட்டரை அணைத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று மச்சானின் தாளில் தடித்த எழுத்தில் இருந்தது. அணைத்துத் திரும்ப எழுப்புவதற்குள் ஜெனரேற்றர் நின்றுவிடும். "கெதியா அண்ணா, கெதியா" என்றேன். அவர் கடைசிச் சுவரை முடித்தார். நான், அடுப்புக்காகப் பஸ்ஸில் இருந்து இறங்குகிறவள், அணைக்காமலே செருகியைப் பிடுங்கிப் பிரிண்டர் வயரைச் செருகினேன். கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தேன். பிரிண்டர் கரகரத்தது. தாள் முழுதாக வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் ஜெனரேற்றர் இருமி நின்றது. திரேசம்மா தாளை வாங்கி நெஞ்சில் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினா.

அன்றிரவு சாப்பிடும்போது அண்ணா சொன்னார். "நீ கெதியா எண்டேக்க பெருவிரல் விலத்திட்டுது. கிழக்குச் சுவரில ஒரு இடைவெளி விழுந்துட்டுது." அவருக்கு அது பெரிதாகப் படவில்லை, மேசன் நிரப்பிவிடுவான் என்றார். எனக்குத்தான் நித்திரை போனது. நிரப்பாவிட்டால்? பிளான் பிழை என்று திரும்பி வந்தால், அண்ணா திரும்பவும் அந்தக் கிணற்றடி மனிதராகிவிடுவாரே என்று கிடந்து உருண்டேன்.

யாரும் திரும்பி வரவில்லை. வேறு ஆட்கள்தான் வந்தார்கள். திரேசம்மா சொல்லி அனுப்பியவர்கள். அண்ணா பெருவிரல்களால் வீடு வீடாகக் கீறினார். வந்தவரை இருத்தி அவர் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில ஆர் ஆர் இருக்கிறியள்?" என்பதுதான். நான் தட்டச்சுச் செய்தபடி, பாதை திரும்பப் பூட்டினால் இன்னொரு கொன்ட்ரோலருக்கு எங்கே போவது என்று பயந்துகொண்டிருந்தேன். பாதை பூட்டியது. கொன்ட்ரோலர் பழுதாகவில்லை. நான் பயந்து வைத்திருந்தவை ஒன்றும் நடக்கவில்லை. நடந்தவற்றுக்கு நான் பயந்து வைத்திருக்கவில்லை.

சண்டை நெருங்கி, கிளிநொச்சியை விட்டு எல்லோரும் கிழக்கே நகர்ந்தபோது, நாங்கள் போய் ஒதுங்கியது திரேசம்மாவின் வீட்டில். கொன்ட்ரோலர் அம்மாவின் பைக்குள் இருந்தது. கொம்பியூட்டர் இல்லாமல் அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே போனதும் நான் பார்த்தது கிழக்குச் சுவரைத்தான். தலையளவு உயரத்தில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை. மேசன் அதைக் காற்றுவழி என்று நினைத்து, வடிவாக விளிம்பு பூசிக் கட்டியிருந்தான். "பிளானில கிடக்கெண்டு சொன்னான், நான் என்ன செய்ய" என்றா திரேசம்மா. முதலில் சாக்கை அடைத்து வைத்திருந்தாவாம். எடுத்தது எப்போது என்று அவ சொல்லவில்லை. மூன்று கிழமை அந்த ஓட்டையால் வந்த உப்புக்காற்றில்தான் படுத்தோம். பிறகு அங்கேயும் இருக்க முடியவில்லை.

கடைசியில் எல்லாச் சனமும் கடற்கரையோரம் ஒரு துண்டு மணலுக்குள் நின்றோம். காயக்காரரை ஏற்றுகிற கப்பல் கடலால்தான் வரும். எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், திரேசம்மாவும்தான். ஒரு காலையில் பதுங்குகுழிக்கு வெளியே நின்று கப்பல் வருகிறதா என்று பார்த்தா. செல் விழுந்து வெடித்தது. அவவை நாங்கள் அந்த மணலில்தான் விட்டுவிட்டு வந்தோம். கையில் இருந்த பைகளும், கொன்ட்ரோலரும், அன்றோ அடுத்த நாளோ எங்கேயோ விடுபட்டுப்போயின.

செட்டிகுளத்து அகதி முகாமில், மத்தியான வெயிலில் கூடாரத்துக்குள் அண்ணா மல்லாந்து கிடந்தார். வெறுங்கைகள் நெஞ்சின்மேல். பெருவிரல்கள் இரண்டும் அசைந்துகொண்டிருந்தன. அண்ணாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

"என்ன அண்ணா செய்யிறியள்?"

"அந்த ஓட்டையைப் பெருப்பிக்கிறன்" என்றார். "ஒரு யன்னல் வைச்சிருக்கலாம். அவா உள்ளுக்க நிண்டே கப்பலைப் பாத்திருப்பா."

அண்ணா இப்போது நெளுக்குளத்தில், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். நாங்கள் கீறிக்கொடுத்த வீடுகளில் எது மிஞ்சியிருக்கிறது என்று தேடி இருவரும் ஒருமுறை போனோம். திரேசம்மாவின் வீட்டில் ஒரு சுவரும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு போகவில்லை. மகனிடம் பறித்த கொன்ட்ரோலரை ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கொண்டுபோனேன். இப்போதெல்லாம் ஈயமும் இல்லை, டயோட்டும் இல்லை, சும்மா செருகினால் போதும். அண்ணா கையில் எடுத்ததும் விரல்கள் பழைய இடத்துக்குப் போயின. இடப்பக்கம் கொஞ்சம் அழுத்தி, அம்புக்குறியைத் திரையின் நடுவில் அசையாமல் பிடித்து வைத்திருந்தார். நான் பழக்கதோஷத்தில், "பிடியுங்கோ அண்ணா, போகுது" என்றேன்.

அவர் பெருவிரலை எடுத்தார். அம்புக்குறி மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்தது.

"போகட்டும்" என்றார். "அந்தப் பக்கம் இப்ப சுவர் இல்லைத்தானே."