மேல் வீட்டில் பள்ளிக்கூடம் போகாத இருவர்

எங்கள் மாடி வீடு நான்கு மாதமாகக் காலியாகக் கிடந்தது. அதற்கு நியூசிலாந்துக்காரர்கள் குடிவரப் போகிறார்கள் என்று என் கணவர் தன் லாரி புக்கிங் ஆபீசிலிருந்து போன் செய்து சொன்னபோது, நான் பிளஸ் டூ முதல் மாதத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வருகிறவர் கோழித் தீவன நிபுணராம். புதுச்சத்திரம் பக்கம் ஒரு பெரிய முட்டைப் பண்ணையில் இரண்டு வருட ஒப்பந்தம். கூட மனைவியும், பன்னிரண்டு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பெண்களும்.

வெள்ளைக்காரர்கள் குடிவந்தால் வேறு ஊரில் என்ன சாப்பிடுவார்கள், எந்தச் சாமி கும்பிடுவார்கள் என்று கேட்பார்களாக இருக்கும். எங்கள் தெருவில் சாமான் வண்டியிலிருந்து மெத்தை இறங்குவதற்குள் எதிர் வீட்டு அக்கா வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், புள்ளைகளை எந்த ஸ்கூல்ல சேத்தறாங்களாம்?"

நாமக்கல்லில் சௌக்கியமா என்று கேட்பதற்குப் பதிலாக இதைத்தான் கேட்போம். முட்டையும் மார்க்கும் உற்பத்தி செய்து பிழைக்கிற ஊர் எங்களுடையது. இரண்டுக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்: வரிசையாக அடைத்து, வேளைக்குத் தீவனம் கொடுத்து, விளக்கை அணைக்காமல் வைத்திருப்பது. இப்போது இப்படிச் சொல்கிறேன். அப்போது அப்படி ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர், அதில் எனக்குப் பெருமை வேறு. என் மகள் அதே பள்ளியில் பிளஸ் ஒன் படித்தாள். பிளஸ் ஒன், பிளஸ் டூ எல்லாரும் கட்டாயம் ஹாஸ்டல் என்பது விதி. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் அவளுடைய ஹாஸ்டல் தண்ணீர்த் தொட்டி தெரியும். தினமும் வகுப்பில் எழுந்து நின்று எனக்கு குட்மார்னிங் மிஸ் சொல்வாள். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, பத்து மணியிலிருந்து நான்கு மணி வரைக்கும் எனக்கு மகளாக இருப்பாள். இதில் விசித்திரம் ஏதும் இருப்பதாக எனக்கோ அவள் அப்பாவுக்கோ தோன்றவில்லை.

மேல் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் சேரப் போவதில்லை, அம்மாவே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று தெரிந்ததும் தெரு கலங்கிப்போனது. பிள்ளைகளுக்கு ஏதோ நோய் என்றார் ஒருவர். அவர்கள் ஊரில் டிசி கொடுத்துத் துரத்தியிருப்பார்கள் என்றார் இன்னொருவர். எதிர் வீட்டு அக்காதான் இதைத் துக்கமாகவே எடுத்துக்கொண்டார். மூன்று பள்ளிகளின் அட்மிஷன் பாரங்களை வாங்கி வந்து, மஞ்சள் குங்குமம் வைத்துத் தட்டோடு மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மாள் அதை ஏதோ பூஜைப் பிரசாதம் என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம்.

பிறகு பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்கிறவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் இருந்த படிவத்தில் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்பதற்கு எழுதி வைத்த காரணங்கள் இருந்தன: ஆடு மேய்த்தல், வீட்டு வேலை, உடல் ஊனம், பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்த குடும்பம். பெற்றோர் விருப்பம் என்று ஒன்று இல்லை. நான்தான் மொழிபெயர்த்தேன். நிபுணர் நிதானமாகக் கேட்டுவிட்டு, கடைசிக் காரணம் சரியாகத்தான் இருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ஆக, செங்கல் சூளைப் பிள்ளைகளின் பட்டியலில் இரண்டு நியூசிலாந்துப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள். பத்து நாளில் அவர்களுக்கு இலவசப் புத்தகப்பை வந்தது.

விஷயம் எங்கள் பள்ளித் தாளாளரின் காதுக்கும் எட்டியது. அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒன்பது வருட வேலையில் அவர் அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பீஸ் ஒண்ணும் வேண்டாமுங்க டீச்சர். படிக்கக்கூட வேண்டாம். ப்ரேயர்ல முன்வரிசையில நின்னாப் போதும். நோட்டீசுல போட்டோ போட்டா வெளிநாட்டுப் புள்ளைகளே நம்மகிட்டப் படிக்குதுன்னு தெரியுமுல்லைங்க."

தூது போனேன். மாடியில் சின்னவள் தரையில் குப்புறப் படுத்து ஒரு செம்மறியாட்டை வரைந்துகொண்டிருந்தாள். முதல் நாள் அவள் அப்பா மேச்சேரிப் பக்கம் போனபோது கூட்டிப்போயிருக்கிறார். அவர்கள் ஊரில் மனிதரைவிட ஆடு அதிகமாம், எல்லாம் பஞ்சு மூட்டை மாதிரி இருக்குமாம். இங்கே ரோமமே இல்லாமல் செம்மண் நிறத்தில் பார்த்ததும், யார் இவற்றைச் சிரைத்தது என்று மேய்த்துக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டிருக்கிறாள். டிரைவர் மொழிபெயர்க்க, பொறக்கறதே இப்படித்தான் சாமி என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். ஏன் அப்படிப் பிறக்கிறது என்பதுதான் அந்த வாரம் முழுக்கப் பாடம். பெரியவள் இரண்டு ஊர் வெயிலையும் மழையையும் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் தாளாளர் சொன்னதைக் கொஞ்சம் கௌரவமாக மாற்றிச் சொன்னேன். போகிறவர்கள் பிள்ளைகள்தானே, அவர்களையே கேட்போம் என்றாள் அம்மா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளையைக் கேட்டு ஹாஸ்டலில் சேர்த்த ஒரு பெற்றோரை நான் பார்த்ததில்லை. சின்னவள் தலையைத் தூக்கி, அங்கே படிக்கிறவர்கள் சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்கள் என்று கேட்டாள். சின்ன வகுப்புகள் ஆறு மணிக்கு, பெரிய வகுப்புகள் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, என் மகளும் அப்படித்தான் என்றேன்.

"அந்த அக்கா என்ன தப்பு செஞ்சாங்க?"

அவள் குறும்பாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

இதனாலெல்லாம் அவர்கள் மேலே சொர்க்கத்தில் வாழ்ந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளிக்கூடமே வேண்டாம் என்று வந்த அந்த அம்மாள் சமையலறைச் சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தாள். பத்து முதல் பன்னிரண்டு வரை படிப்பு. எங்கள் தெருவில் பத்து மணி என்பது ஆண்கள் வேலைக்குப் போய், பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிற நேரம். எதிர் வீட்டு அக்கா மாவு கொடுக்கப் போவார், பாடம் முடியும் வரை உட்கார்ந்திருப்பார். கேஸ்காரர் சிலிண்டரை இறக்கிவிட்டு நியூசிலாந்தில் மாட்டுக்கு என்ன விலை என்று கேட்பார். வருகிற எல்லாரும் சின்னவள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். சாயங்காலக் காற்றில் பண்ணை நாற்றம் வேறு; அது தன் கணவருடைய சட்டைகளிலிருந்து வருவதாக நினைத்து அந்த அம்மாள் தினமும் அவற்றைத் துவைத்தாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் மாடிப்படி கிரில் கதவைப் பூட்டிவிட்டாள். பட்டப்பகலில் பூட்டிய கதவுக்கு எங்கள் ஊரில் ஒரே பொருள்தான், யாருக்கோ உடம்பு சரியில்லை. பதினோரு மணிக்குள் ரசம் சாதம், இட்லி, கஷாயம் என்று கையில் தூக்குவாளியோடு ஏழு பெண்கள் படிக்கட்டில் நின்றார்கள். பள்ளியிலிருந்து மதியம் வந்த என்னைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் அழுதாள். அடுத்தவர் வீட்டுக்குள் போகாமல் இருப்பதுதான் தங்கள் ஊரில் மரியாதை என்றாள். இங்கே போகாமல் இருந்தால் சண்டை என்று பொருள் என்றேன். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் அழுகையோடு சிரித்தாள்.

மறுநாள் அட்டவணையைக் கிழித்துவிட்டுக் கதவைத் திறந்து வைத்தாள். வருகிறவர்களையே பாடமாக்கினாள். கீரைக்காரம்மா கட்டு பிரிக்காமல் எண்ணுவது எப்படி என்று காட்டினார். எதிர் வீட்டு அக்கா முட்டையை விளக்குக்கு முன் பிடித்து உள்ளே பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். மூன்று மாதத்தில் சின்னவள் எங்கள் வாசலில் வந்து, "ஏனுங்க டீச்சர், ஊட்ல இருக்கறீங்ளா, தேங்கா ஒண்ணு வேணுமுங்" என்று கூப்பிடுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

ஆனால் எங்கள் ஊர் எதையும் சும்மா விடாது. எதிர் வீட்டு அக்கா ஆறாவது படிக்கும் தன் மகளை, சும்மா இங்கிலீஷ் காதுல விழட்டும் என்று சாயங்காலம் மேலே அனுப்பினார். அடுத்த வாரம் அக்காவின் நாத்தனார் பிள்ளைகள். இரண்டு மாதத்தில் படிக்கட்டில் பத்தொன்பது ஜோடிச் செருப்புகள் கிடந்தன. பணம் வாங்க மாட்டேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டதால் வாழைத்தாரும் முருங்கைக்காயும் முட்டை அட்டையும் வந்து குவிந்தன. முட்டை நிபுணர் வீட்டுக்கு முட்டை.

பிறகு தாய்மார்கள் கேட்க ஆரம்பித்தார்கள். டெஸ்ட் எப்போது? ரேங்க் எங்கே? பாட்டும் கதையுமாகவே இருக்கிறதே? அவள் மறுத்துப் பார்த்தாள். அக்காவே பிரின்ட் போட்ட மார்க் ஷீட் வாங்கி வந்து கொடுத்தார், பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டு. ஒரு தடவைதானே என்று அந்த அம்மாள் ஐம்பது ஆங்கில வார்த்தைகளுக்கு ஒரு ஸ்பெல்லிங் டெஸ்ட் வைத்தாள். தன் பெண்களும் எழுதட்டும், அதுதானே நியாயம் என்று நினைத்தாள்.

ஐந்து வயதிலிருந்து மனப்பாடம் செய்கிற எங்கள் பிள்ளைகளோடு யார் போட்டி போட முடியும்? இங்கிலீஷையே தாய்மொழியாகக் கொண்ட பெரியவள் இங்கிலீஷில் பதினோராவது ரேங்க். முதல் ரேங்க் அக்காவின் மகள். அவளுக்கு அந்த வார்த்தைகளில் பாதிக்கு அர்த்தம் தெரியாது. தெரு முழுக்க அன்று சந்தோஷம். அக்கா பால்கோவா கிண்டினார். பாவம், பெரிய புள்ள அடுத்த தடவ வாங்கிக்கும் என்று மேல் வீட்டுக்கும் ஒரு டப்பா போனது.

அடுத்த வாரம் முழுக்கப் பெரியவள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அகராதியை வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தாள். அந்த நடையை நான் நன்றாக அறிவேன்; எங்கள் ஹாஸ்டல் வராந்தாவில் இருநூறு பேர் அப்படி நடப்பார்கள். நாலாவது நாள் தங்கை தொந்தரவு செய்கிறாள் என்று அவளை அறைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறாள். அன்று சாயங்காலம் அந்த அம்மாள் இறங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். இதை ஒன்பது வருடமாகச் செய்கிறீர்களே, எப்படி நிறுத்துவது என்று கேட்டாள்.

ஆரம்பித்து வைப்பது எப்படி என்று கேட்டிருந்தால் பத்து வழி சொல்லியிருப்பேன். நிறுத்துவதற்கு ஒருவரும் என்னிடம் வந்ததில்லை, எனக்குத் தெரியாது என்றேன்.

அவளே நிறுத்தினாள். மார்க் ஷீட் கட்டை அக்காவிடம் திருப்பிக் கொடுத்து, இனி டெஸ்ட் கிடையாது, கதை உண்டு என்று சொல்லிவிட்டாள். ஒரே வாரத்தில் பத்தொன்பது ஜோடி மூன்று ஜோடியானது. "நல்ல அம்மாதான். ஆனா சொல்லிக் குடுக்கத் தெரியலைங்க" என்று அக்கா என்னிடம் வருத்தப்பட்டார். ஆனால் அவர் மகள் மேலே போவதை நிறுத்தவில்லை. டியூஷன் வேறு இடத்துக்கு மாறியபிறகும் தயிர் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு மேலே போய் உட்கார்ந்துவிடுவாள்.

என் மகள் அந்த மாத ஞாயிற்றுக்கிழமை வந்தபோது சாப்பிட்ட கையோடு மாடிக்குப் போனாள். அவளும் மேல் வீட்டுப் பெண்கள் இருவரும் அக்காவின் மகளுமாக நான்கு பேரும் கொல்லிமலையைப் பார்த்து ஏதோ வரைந்தார்கள். மூன்றரை மணிக்குக் கூப்பிடப் போனால், கையெல்லாம் சாயத்தோடு திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, நான் ஸ்கூலுக்கு ஊட்ல இருந்தே வந்து போறனே. நடந்தே வந்துருவேன்."

மறுநாள் தாளாளரிடம் போனேன். இந்தத் தடவை அவர் உட்காரச் சொல்லவில்லை. டீச்சர் பிள்ளையே வீட்டிலிருந்து வந்தால் மற்ற பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். நியாயம் என்று எனக்கும் பட்டது. அந்த நியாயம் எத்தனை நேரம் பட்டது என்றால், அவர் அறையிலிருந்து என் வகுப்பறை வரை. அதன்பிறகு படவில்லை. ஆனாலும் நான் திரும்பப் போய்க் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். இத்தனை தூரம் வந்து மார்க் குறைந்துவிட்டால் என்ற பயம் அதைவிடப் பெரிது. மகளிடம் விதி அப்படி என்று சொன்னேன். அவள் வற்புறுத்தவில்லை.

அவர்கள் ஒப்பந்தம் முடிந்து கிளம்பிய வாரம்தான் பிளஸ் டூ முடிவுகள் வந்தன. கணக்கில் என் மகள் நூற்றுக்கு நூறு. பேருந்து நிலையம் எதிரே அவள் முகம் ஆளுயர ஃபிளெக்ஸில் நின்றது. விமான நிலையம் போகிற வழியில் நியூசிலாந்துப் பெண்கள் காரை நிறுத்தச் சொல்லி அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்கள். படத்தில் அக்கா ஏன் சிரிக்கவே இல்லை என்று சின்னவள் கீழே எழுதியிருந்தாள்.

ஊருக்குப் போனதும் பெரியவள் தானாகவே பள்ளியில் சேர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துச் சேர்ந்துவிட்டாள். அங்கே ரேங்க் போடுவதில்லை என்று அவளுக்கு ஒரே குறை. எங்கள் தெரு அவளுக்குச் செய்த கைங்கரியம் அது. சின்னவள் இன்னும் வீட்டில்தான் படிக்கிறாள். அந்த அம்மாள் அங்கே பூட்டாத கதவோடு இருந்து பார்த்தாளாம், ஆறு மாதமாக ஒருவரும் வரவில்லை என்று ஒருமுறை போனில் சொன்னாள்.

என் மகள் இப்போது கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறாள். போன விடுமுறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அந்த இரண்டு வருடத்துக்காக என் மேல் கோபம் உண்டா என்று கேட்டேன்.

"கோவமெல்லாம் இல்லம்மா. அந்த ரெண்டு வருசத்துல என்ன படிச்சேன்னு கேட்டாத்தான் ஒண்ணும் ஞாபகம் வரமாட்டேங்குது. கணக்குகூட."

கணக்கு அவளுக்கு நான்தான் எடுத்தேன். அதை அவளுக்கு நினைவுபடுத்தவில்லை. மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு போய் பீரோவில் வைத்தேன்.