வறண்ட கிணற்றுக்குப் புள்ளி இல்லை

அரியலூர்ப் பக்கம் கிணறுகளில் நீர்மட்டம் அளக்கும் ஊழியர் அவர். அளவு நாடாவில் சாக்பீஸ் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்கி, நனைந்த இடத்தைப் பார்த்து ஆழத்தைக் குறிப்பார். நனையாமலே நாடா மேலே வந்தால் 'வறண்டது' என்று எழுதுவார். எந்தக் கிணறானாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போவார்.

அவர் தரும் எண்களை வைத்து வரைபடம் போடுவது என் வேலை. வயல்களின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல் குவாரிக்குள் வடிகிறது என்றார் ஒரு பேராசிரியர். நடுவில் களிமண் அடுக்கு தடுக்கிறது என்றார் இன்னொருவர். கூட்டத்தில் இருவரும் என் வரைபடத்தையே காட்டிச் சண்டை போட்டார்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அந்த ஊழியர், வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"படத்துல குவாரி ஓரத்து ஏழு கிணத்தக் காணோமே சார்?"

"அதெல்லாம் வறண்டுபோச்சேங்க. அளவே இல்லாம படத்துல எப்படி வைக்கிறது?"

"தண்ணி போன கிணத்தயெல்லாம் எடுத்துட்டு, தண்ணி எங்க போவுதுன்னு பேசுறீங்க."

சாக்பீஸ் தூள் படிந்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வரைபடம் இன்னும் ஆபீஸ் சுவரில் தொங்குகிறது, கீழே என் கையெழுத்தோடு. ஏழு கிணறுகளையும் அதில் குறிக்க அரை மணி நேரம் போதும். இன்றுவரை நான் குறிக்கவில்லை.